யாரால் ஆபத்து என்ற கட்டம்

முதலில் அந்தச் சத்தத்தைச் சொல்லிவிடுகிறேன் மேடம். தொட்டில் ஸ்பிரிங் சத்தம். குழந்தை உள்ளே இருந்தால் அது கனமாக, நிதானமாக முனகும். ஆடி மாதம் ஒரு ராத்திரி எனக்குக் கேட்டது அப்படி இல்லை. கிணிங் கிணிங் என்று லேசாக, வேகமாக, சைக்கிள் பெல் மூடியை விரலால் சுண்டின மாதிரி. பாதித் தூக்கத்தில், என்ன இது புதுச் சத்தம் என்று நினைத்துக்கொண்டு அப்படியே படுத்திருந்தேன். எவ்வளவு நேரம் படுத்திருந்தேன் என்று தெரியாது. அதுதான் இன்னும் என்னை அறுக்கிறது. காலித் தொட்டில் அப்படித்தான் ஆடும் என்று எனக்குத் தெரியாது மேடம். ராத்திரியில் காலித் தொட்டிலை யார் ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை நான் ஸ்டேஷனுக்கு விசாரணைக்கு வந்தபோது என் துப்பாக்கி லைசன்ஸ் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் கேட்டது நினைவிருக்கும். "கைத்துப்பாக்கி எதுக்குன்னு கேட்டா 'உயிர்ப் பாதுகாப்புக்காக'ன்னு ஒரு வரி. யாரால் ஆபத்துன்னு கேட்டா 'அடையாளம் தெரியாத நபர்கள்'னு ஒரு வரி. ரியல் எஸ்டேட்காரங்களும் இதையேதான் எழுதறாங்கம்மா. நடந்தது என்னன்னு வீட்ல உக்காந்து நிதானமா எழுதிட்டு வாங்க. திங்கக்கிழமை நான் ரிப்போர்ட் அனுப்பணும்." இன்று ஞாயிறு ராத்திரி. குழந்தை தூங்கிவிட்டாள். மாமியார் தூங்குகிற மாதிரி படுத்திருக்கிறார். மார்ஜின் விட்டு, பக்க எண் போட்டு எழுதுகிறேன். ஏற்காட்டில் கான்வென்ட் ஹாஸ்டலில் பத்து வருஷம் இருந்தவள். கோடு போடாத தாளில்கூட என் எழுத்து மேலே கீழே போகாது.

என் பெயர் பிரதீபா. வயது இருபத்தேழு. திருச்செங்கோட்டில் என் கணவர் குடும்பத்துக்கு ஒரு போர்வெல் ரிக் வண்டி இருக்கிறது. அவர் மோகன்ராஜ், வண்டியோடு சத்தீஸ்கர் போனால் திரும்பி வர எட்டு மாதம். வீட்டில் நான், இரண்டரை வயது மகள் தன்விகா (வீட்டில் தனு), மாமியார், என் மச்சாண்டார், அதாவது கணவரின் அண்ணன். நாலே பேர்.

அன்று எழுந்து பார்த்தால் தொட்டில் காலி. வாசல் கதவு அகலமாகத் திறந்து கிடந்தது. நான் என்ன கத்தினேன் என்று தெரியாது. தெருக்கோடி வரை செருப்பில்லாமல் ஓடினேன். பைபாஸ் முனையில் இருக்கும் பரோட்டாக் கடையில் டியூப் லைட் எரிந்தது. அங்கே பெஞ்சில் என் மகள் உட்கார்ந்திருந்தாள், மச்சாண்டார் மடியில். வாயில் ஆம்லெட். மணி ஒன்றே கால்.

"பாப்பா, அம்மாவப் பயந்துக்க வேண்டாம்னு சொல்லு சாமி. பெரியப்பாகூடத்தான வந்தேன்னு சொல்லு" என்றார் அவர். குடித்திருந்தார். எங்களுக்குள் நேர்ப்பேச்சு கிடையாது மேடம். எங்கள் பக்கம் மச்சாண்டாரோடு பெண்கள் முகம் பார்த்துப் பேசுவதில்லை. எதுவானாலும் குழந்தை வழியாகத்தான். "பாப்பா, வீட்டுக்குப் போலாம் வா" என்றேன் நானும். பரோட்டா மாஸ்டர் சிரித்தார். "பெரியப்பனுக்குப் புள்ள மேல உசுருங்க" என்றார்.

ஆகவே தூக்கிப் போனது வெளியாள் இல்லை. அதை நான் மறைக்கவில்லை. விண்ணப்பத்தில் எழுதாததற்குக் காரணம், அது ஒரு புகாரே இல்லை என்பதுதான். அவர் கெட்டவர் இல்லை. ரிக்கில் கை மாட்டி வலது கையில் இரண்டு விரல் போனவர். அவர் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு பெருந்துறைக்குத் தாய் வீட்டுக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்தக் குழந்தைக்கு அப்போது தனு வயதுதான். பகலில் அவர் இருக்கிற இடம் தெரியாது. நான் யோசித்தது வேறு. கதவு திறந்துதானே கிடந்தது? அவர் வந்த வழியில் ஒரு வெளியாள் வந்திருந்தால்? இந்த ஊரில் ரிக் வைத்திருக்கும் வீடு என்றால் ஆண்கள் வெளியூரில் இருப்பார்கள் என்று யாருக்குத்தான் தெரியாது? அன்றைக்கு முடிவு செய்தேன், கையில் ஒரு துப்பாக்கி வேண்டும் என்று.

கதவைத் தாழ் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எல்லோரும் அதையேதான் கேட்கிறார்கள், ஏதோ எனக்குத் தோன்றாத மாதிரி! எங்கள் வீட்டில் வாசல் தாழ்ப்பாள் போடுவதில்லை மேடம். மச்சாண்டார் வீடு வந்து சேரும்வரை கதவை ஒருக்களித்துத்தான் வைக்க வேண்டும். அவர் பத்து மணிக்கும் வருவார், மூன்று மணிக்கும் வருவார்.

மாமியாரிடம் கேட்டேன். "அத்தை, நான் முழிச்சிருந்து தெறந்து விடறேன். அவர் தட்டட்டும்."

"அவன் வூட்டுக் கதவ அவன் தட்டோணுமா அம்மிணி?"

"எங்க ஹாஸ்டல்ல சிஸ்டர்ஸே தட்டிட்டுத்தான் உள்ள வருவாங்க."

"அது பள்ளிக்கோடம். இது வூடு." அதற்குமேல் சொல்லமாட்டார் என்று நினைத்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார். "உங்க மாமனார் உசுரோட இருந்தப்ப ஒரு நாள் தாழ் போட்டார். குடிச்சுட்டு வந்தா வெளியவே கெடடான்னு போட்டார். விடிய விடிய வாசல்ல உக்காந்திருந்தான். காத்தால யார்கிட்டயும் சொல்லாம ரிக்குல ஏறிப் போயிட்டான். மூணாம் நாள் போன் வருது, கை மாட்டிருச்சுன்னு. ரெண்டு வெரலு. நான் இருக்கிற வரைக்கும் அவனுக்கு இந்தக் கதவு சாத்தாது சாமி."

கான்வென்டில் சொல்லிக்கொடுக்காத கணக்கு இது. தாழ்ப்பாளுக்கும் விரலுக்கும் என்ன சம்பந்தம் என்று வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். தொட்டிலைப் படுக்கையறைக்கு மாற்றலாம் என்றால் கொக்கி ஹாலில்தான் இருக்கிறது. படுக்கையறைக் கதவிலும் தாழ் இல்லை. தனு ஒரு தடவை உள்ளே மாட்டிக்கொண்டாள் என்று என் கணவரே ஸ்க்ரூவைக் கழற்றி எடுத்துவிட்டார்.

அவரிடமும் போனில் சொன்னேன். பின்னால் கம்ப்ரஸர் இரைச்சல்.

"எண்ணூறு அடி போயாச்சு பிரதி, புகைதான் வருது, சொட்டுத் தண்ணி இல்ல."

"ஏனுங்க, உங்க அண்ணன் ராத்திரி ஒரு மணிக்குக் கொழந்தையத் தூக்கிட்டு..."

"அம்மா சொல்லிச்சு. பாசத்துல பண்ணிட்டான், வுடு. வேற ஆளா தூக்கினான்?"

"வேற ஆளு வந்தா?"

"வந்தா பாத்துக்கலாம்."

யார் பார்த்துக்கொள்வது மேடம்? எண்ணூறு அடி ஆழத்தில் தண்ணீர் தேடுகிறவரா?

துப்பாக்கி வாங்குவதை நான் விளையாட்டாகச் செய்யவில்லை. சேலத்தில் ஒரு கடை. இரண்டு இரும்பு கிரில் கதவு தாண்டி உள்ளே போக வேண்டும். கடைக்காரர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார் வரலீங்களா?"

"எனக்குத்தான் வேணும்."

"உக்காருங்க மேடம். லைசன்ஸ் வந்தாத்தான் கையில குடுக்க முடியும். படம் காட்டறேன்." பாயிண்ட் த்ரீ டூ ரிவால்வர், பாயிண்ட் த்ரீ டூ பிஸ்டல். புரட்டிக் காட்டினார், புடவை டிசைன் காட்டுகிற மாதிரி. "லேடீஸுக்கு இது. வெயிட் கம்மி. ஹேண்ட்பேக்ல அழகா உக்காரும்."

"அழகு வேண்டாங்க. அவசரத்துக்கு எது ஈஸி?"

"எதுக்கு அவசரம்? யாருக்குப் பயப்படறீங்க?"

"திருடனுக்கு."

"அப்ப ஒரு நாய் வாங்குங்களேன்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். டீ வேறு வாங்கிக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது. டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

லைசன்ஸுக்குப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அதற்காக ரேஞ்ச் தேடினேன். முதலில் போனது ஒரு பண்ணைத் தோட்டம். இன்டர்நெட்டில் படம் பார்த்தால் வெளிநாடு மாதிரி இருந்தது. நேரில் தென்னை மரத்தில் அட்டையைக் கட்டிவைத்திருந்தார்கள். வெறும் ஏர் ரைஃபிள்தான், இருந்தாலும் காதுக்கு மாட்ட ஒன்றுமில்லை, பஞ்சு கொடுத்தார்கள். நான் குறி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு குறுக்கே நடந்து போனார். "போவாருங்க, நீங்க சுடுங்க" என்றார் முதலாளி. மரத்துக்குப் பின்னால் வேலி, வேலிக்குப் பின்னால் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிறது. ரைஃபிளைக் கீழே வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

இரண்டாவது இடம் சேலம் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு ரைஃபிள் கிளப். போன உடனே ஒரு பெண் என்னைத் தடுத்து நிறுத்தினாள். "அக்கா, செகப்புக் கொடி ஏறியிருக்குல்ல? எறங்கற வரைக்கும் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க." இருபத்தி நாலு வயதிருக்கும். சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள். அவள்தான் கோச் என்று எனக்கு அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. பெயர் பெனாசிர். மாநிலத்துக்காக மெடல் வாங்கியவள்.

"துப்பாக்கிய எங்க வச்சிருக்கீங்க, காட்டுங்க" என்றேன்.

"முதல்ல சுவத்தப் பாருங்க அக்கா. ஒரு ரேஞ்சுக்குப் போனா மொதல்ல சுவத்தப் பாக்கணும், துப்பாக்கியெல்லாம் அப்புறம்." இலக்குகளுக்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு மண்மேடு, அதற்கும் பின்னால் வெறும் மலை. "குண்டு தப்பிச்சுப் போனா எங்க போகும்னு தெரியற எடத்துலதான் சுடணும். தெரியலன்னா சுடக்கூடாது. அவ்வளவுதான் பாடம். மத்ததெல்லாம் பழக்கம்."

அந்த இடத்தை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது மேடம். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு ஹாஸ்டல் ஞாபகம் வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு கோடு. அனுமதி கேட்காமல் யாரும் யார் பக்கத்திலும் வரமாட்டார்கள். ஹாஸ்டலில் விளக்கை அணைத்த பிறகு வார்டன் சிஸ்டர் பெரிய கதவுக்கு உள்தாழ் போடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். இந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் முழுசாகத் தூங்கியதாக நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். மாமியாரிடம் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொன்னேன், பொய்தான். முதலில் ஏர் பிஸ்டல், பிறகு அவள் பக்கத்தில் நிற்க கிளப்பின் பாயிண்ட் டூ டூ. "வெரல் டிரிகருக்கு வெளிய அக்கா, வெரல் வெளிய! சுடற நேரம் தவிர வெரலுக்கு அங்க வேலையே இல்ல." "காலின்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க, நானே சொன்னாலும்." பிஸ்டலில் மேல்பகுதி ஒன்று இருக்கிறது, ஸ்லைடு என்பார்கள், அதைப் பின்னால் இழுத்து விட்டால்தான் குண்டு உள்ளே ஏறும். எனக்கு இழுக்கவே வரவில்லை. தேங்காய் துருவுகிற கை, துணி பிழிகிற கை, அதற்கு வரவில்லை. கடைக்காரர் சிரித்தது காதில் கேட்டது.

"பலத்துல இழுக்காதீங்க அக்கா. நெஞ்சுகிட்டக் கொண்டு வாங்க. ஒரு கை முன்னால தள்ளணும், ஒரு கை பின்னால இழுக்கணும், ரெண்டும் ஒரே நேரத்துல. பாதில யோசிக்கக் கூடாது. பாதில யோசிச்சா மாட்டிக்கும்."

நாலாவது ஞாயிற்றுக்கிழமை ஸ்லைடு கைக்கு வந்துவிட்டது. சடக் என்று. நான் குதித்தேன். அவள் திட்டினாள், துப்பாக்கியை வைத்துக்கொண்டு குதிக்கக் கூடாதாம்.

கை நடுங்காமல் நிற்க, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்கச் சொன்னாள். சமையலறையில் நின்று பழகினேன். மாமியார் பார்த்துவிட்டு, "ஏனம்மிணி, செவுத்துக்குத் தண்ணி குடுக்கற?" என்றார். தனுவும் பால் பாட்டிலை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

இதெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், நான் அவசரப்பட்டு விண்ணப்பிக்கவில்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ரிவால்வரா பிஸ்டலா என்பதைக்கூட முடிவு செய்துவிட்டேன். ரிவால்வர். ஸ்லைடு கிடையாது, டிரிகர் கனம். குழந்தை விரலுக்கு அவ்வளவு சுலபமாக நகராது என்றாள் பெனாசிர். சொல்லிவிட்டு, "ஆனா கொழந்தைக்கு எட்டற எடத்துல இருக்கவே கூடாது. ரெண்டு பூட்டு. துப்பாக்கி ஒரு எடம், தோட்டா ஒரு எடம்" என்றாள்.

"ராத்திரி ஆள் வந்தா ரெண்டு பூட்டையும் தெறந்துட்டு இருக்க முடியுமா?"

சுட்டுக் கிழிந்த இலக்குத் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு பேனாவை என்னிடம் கொடுத்தாள். "உங்க வீட்ட வரைங்க."

வரைந்தேன். எங்கள் வீடு பழைய வீடு. வாசல் கதவு, ஹால், நடுக்கதவு, சமையலறை, பின்கதவு எல்லாம் ஒரே நேர்க்கோடு. வாசலில் நின்றால் கொல்லையில் காயும் துணி தெரியும். தொட்டில் ஹாலில், காற்று வருகிற இடத்தில், அந்தக் கோட்டின் நடுவிலேயே.

"நீங்க எங்க படுத்திருப்பீங்க?" புள்ளி வைத்தேன். "அத்தை?" நடுக்கதவுக்குப் பக்கத்தில் வைத்தேன். "பின்கதவுக்கு அந்தப் பக்கம்?" பக்கத்து வீட்டு ஜன்னல். "இப்ப ஆள் வர்றான். எங்க வந்து நிப்பான்?"

தொட்டில் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

"பாப்பாவுக்கு ஒரு வட்டம் போடுங்க."

பேனா அந்தப் பெருக்கல் குறி மேலேயே போய் நின்றது. அன்றைக்கு அவர் கையில் என்ன இருந்தது என்று எனக்குத்தான் தெரியுமே. நான் வட்டம் போடவில்லை. அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். ஒரு ராத்திரி எவனோ வந்து குழந்தையைத் தூக்கினான் என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

"அன்னைக்கு வந்த ஆள் யாருன்னு தெரியுமா அக்கா?"

"தெரியாது."

"தெரியாதவன் தூக்கினா பாப்பா அழுதிருக்கும்ல?"

எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது மேடம். சின்னப் பெண், கல்யாணம் ஆகாதவள், ஒரு வீட்டுக்குள் என்னென்ன இருக்கிறது என்று அவளுக்கு என்ன தெரியும்? "நீங்க சுடச் சொல்லிக் குடுத்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் சங்ககிரி தாண்டிய பிறகுதான் தாள் இன்னும் கையில் இருப்பதைப் பார்த்தேன். தூக்கிப் போட மனசில்லாமல் மடித்து வைத்தேன். இதோடு இணைத்திருக்கிறேன், இணைப்பு ஒன்று.

அதற்குப் பிறகு போன வியாழக்கிழமை. இதை வெள்ளிக்கிழமை உங்களிடம் நான் சொல்லவில்லை.

வீட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஷெட். ரிக்கோடு குழாய் ஏற்றிப் போகும் பழைய சப்போர்ட் லாரி ஒன்று ரிப்பேருக்கு வந்து அங்கே நிற்கிறது. வியாழக்கிழமை விடியற்காலையில் மறுபடி அந்தக் கிணிங் சத்தம். இந்தத் தடவை உடனே எழுந்துவிட்டேன், ஆனாலும் தொட்டில் காலி. தெரு முழுக்க ஓடிவிட்டு ஷெட்டுக்கு வந்தேன். லாரி டிரைவர் சீட்டில் தனு நின்றுகொண்டிருந்தாள். ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் சாவி. "அம்மா, டுர்ர்ர்" என்றாள். மச்சாண்டாரைக் காணோம். குனிந்து பார்த்தேன். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், வண்டிக்கு அடியில், துண்டைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

சாவியை அவள் கையிலிருந்து வாங்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா மேடம்? பிடுங்கினால் அழுவாள், அழுதால் கை காலை எங்கே வைப்பாளோ. "குடு தங்கம், அம்மாவுக்கு டுர்ர் குடு" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். பெனாசிர் பார்த்திருந்தால் பாராட்டியிருப்பாள். என் கை நடுங்கவே இல்லை.

மாமியார் ஷெட் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். "சாவிய யாரு வண்டியிலயே வுட்டது" என்று அங்கே இல்லாத லாரி டிரைவரைத் திட்டினார். மகனை எழுப்பிக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். காலையில் அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு அவர், "பாப்பா, பெரியப்பாமேல கோவமான்னு அம்மாகிட்ட கேளு" என்றார். பாப்பா என்னிடம் வந்து, "கோவமா?" என்றாள். "இல்லைன்னு சொல்லு" என்றேன்.

மறுநாள் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தேன். யார்மேல் சந்தேகம் என்று கேட்டீர்கள். அடையாளம் தெரியாத நபர்கள் என்றேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தீர்கள். நான் உங்கள் பின்னால் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

காரணம் ரொம்பச் சின்னது, சொன்னால் உங்களுக்குக் கோபம்கூட வரலாம். எங்கள் பக்கம் மச்சாண்டார் பெயரைப் பெண்கள் வாயால் சொல்வதில்லை. நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் நாலு வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கார்டை நீட்டி, விரலால் தொட்டுக் காட்டுவேன். கூரியர்காரர் வந்து பெயர் சொல்லிக் கேட்டால் "ஆமாங்க" என்பேன், அவ்வளவுதான். திருடனுக்குப் பெயர் கிடையாது, அதனால் திருடன் என்று எழுதுவது சுலபமாக இருந்தது. மூன்று மாதமாக இல்லாத ஒருத்தனுக்காக நான் பாட்டில் பிடித்துப் பழகியிருக்கிறேன் மேடம். அவனுக்கு உயரம்கூட முடிவு செய்து வைத்திருந்தேன். இப்போது எழுதிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது, ஐந்து பக்கத்தில் அவன் ஒரு இடத்திலும் வரவே இல்லை.

உங்கள் படிவத்தின் நகல் பக்கத்தில் இருக்கிறது. அடையாளம் தெரியாத நபர்கள் என்பதை ஸ்கேல் வைத்து ஒரே கோட்டில் அடித்துவிட்டேன். மேலே எழுதுகிறேன்.

செங்கோட்டுவேல்.

எழுதிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறி சுற்றுகிறது.

அவரைக் கூப்பிட்டு விசாரியுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்மேல் குறி பார்க்கவும் என்னால் முடியாது. அவர் கையில் எப்போதும் என் குழந்தைதான் இருக்கிறாள். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி இருந்தால் சொல்லுங்கள். ரேஞ்சுக்கு மட்டும் போய்க்கொண்டிருப்பேன், அதற்கு உங்கள் அனுமதி வேண்டியதில்லையாம், பெனாசிர் சொன்னாள். அவளிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும்.

மணி பன்னிரண்டே முக்கால். அவர் இன்னும் வரவில்லை. கொஞ்சம் இருங்கள் மேடம், ஒரு வேலை இருக்கிறது. முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன்.

வாசலை ஒட்டி வெளிப்பக்கம் ரிக் ஆபீஸ் ரூம் இருக்கிறது. கட்டில், ஃபேன், பாத்ரூம் எல்லாம் உண்டு. அங்கே மெத்தை விரித்து, தலையணை போட்டு, ஒரு சொம்புத் தண்ணீரும் மூடிவைத்த தட்டில் அவர் சாப்பாடும் வைத்தேன். லைட்டைப் போட்டுவிட்டேன், தெருவிலிருந்து பார்த்தால் தெரியட்டும் என்று. உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் அசையவில்லை. வருஷக்கணக்காகப் போடாதது; பெயின்ட் அடித்தவன் தாழ்ப்பாளோடு சேர்த்து அடித்துவிட்டுப் போயிருக்கிறான். தேங்காய் எண்ணெய் விட்டேன். இழுத்தேன். வரவில்லை.

"அம்மிணி." மாமியார் எழுந்து உட்கார்ந்திருந்தார். "அவன் இன்னும் வரல."

"தெரியும் அத்தை."

"வேண்டாம் சாமி. அன்னிக்கும் இப்படித்தான்..."

"அன்னிக்கு அவருக்கு உள்ளயும் எடமில்ல, வெளியவும் எடமில்ல அத்தை. இன்னிக்கு வெளிய மெத்தை போட்டு, சோறு வச்சிருக்கேன். போய்ப் பாருங்க. நீங்க அங்க போய்ப் படுத்துக்கறதுன்னாலும் படுத்துக்குங்க. நான் தாழ் போடப் போறேன்."

அவர் ரொம்ப நேரம் தொட்டிலையே பார்த்தார். பிறகு எழுந்து தன் போர்வையை எடுத்து என்னிடம் நீட்டினார். "அந்த ரூம்ல குளிரும். இதையும் வச்சுட்டு வா." வைத்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

தாழ்ப்பாள் நெஞ்சுக்கு நேராக இருக்கும்படி நின்றுகொண்டேன். ஒரு கையால் கதவை முன்னால் தள்ளி, ஒரு கையால் தாழ்ப்பாளைப் பின்னால் இழுத்தேன், இரண்டும் ஒரே நேரத்தில், பாதியில் யோசிக்காமல். பெயின்ட் உரிந்தது. சடக்.

அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே பைக் சத்தம், பிறகு செருப்புச் சத்தம். கதவு ஒரு தடவை அதிர்ந்து நின்றது. பிறகு தட்டினார் மேடம். மூன்று விரலால் தட்டினால் எப்படிக் கேட்கும் என்று எனக்கு இன்றுதான் தெரியும். இந்த வீட்டில் யாரும் கதவைத் தட்டி நான் கேட்டதே இல்லை.

"பாப்பா... அம்மாகிட்டக் கதவத் தெறக்கச் சொல்லு சாமி."

பாப்பா தூங்கிக்கொண்டிருக்கிறாள். நான் எழுந்து போய்க் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் நேராகப் பேசினேன்.

"பாப்பா தூங்கறா. உங்களுக்கு ஆபீஸ் ரூம்ல படுக்கை போட்டிருக்குதுங்க. சோறும் இருக்குது. காத்தால வாங்க."

வெளியே அவர் என்ன செய்கிறார் என்று தெரியவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு செருப்பு இழுபடும் சத்தம், ஆபீஸ் ரூம் கதவு, சொம்பு வைக்கிற சத்தம்.

தொட்டில் கனமாக, நிதானமாக முனகுகிறது. தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருக்கிறது.